எந்த வாசலில் போய் உட்காருவது?

தென்காசியிலிருந்து ஆய்க்குடி வழியாகச் சுரண்டைக்குப் போகிற பேருந்தில் ஏறினால் வழியெல்லாம் அனுமன் நதியின் ஊர்கள்தான். மேக்கரை மலையிலிருந்து இறங்கி, அடவிநயினார் அணையில் தேங்கி, ஆய்க்குடியையும் சாம்பவர்வடகரையையும் தொட்டு, வீரகேரளம்புதூரில் சிற்றாற்றோடு சேர்ந்துகொள்கிற சின்ன நதி அது. ஆய்க்குடி முருகன் கோயிலில் நேர்ச்சை நிறைவேறியவர்கள் பாயசம் காய்ச்சி ஆற்றுப் படிக்கட்டில் ஊற்றுவார்கள். ஊர்ப்பிள்ளைகள் அந்தப் படியிலிருந்தே எடுத்துச் சாப்பிடுவார்கள். படிப்பாயசம் என்று அதற்குப் பெயர். பிள்ளைகளின் வாய்க்குப் போவதை ஆற்றுப்படியில் ஊற்ற வேண்டுமானால் அந்த ஆற்றை எவ்வளவு சுத்தமாக நினைத்திருக்க வேண்டும் ஓர் ஊர்!

நான் போனது ஆனிக் கடைசியில். குற்றாலத்தில் சீசன். தென்காசிப் பேருந்து நிலையத்தில் ஈரத் தலையும் தோளில் துண்டுமாக வெளியூர்க்காரர்கள் நின்றிருந்தார்கள். "சீசன் எப்படி?" என்ற கேள்வி எல்லார் வாயிலும் இருந்தது. ஆனால் சுரண்டைப் பேருந்துக்குள் ஏறியதும் அதே கேள்விக்கு அர்த்தம் மாறிவிடுகிறது. வெளியூர்க்காரருக்குச் சீசன் என்றால் அருவியில் தண்ணீர் விழுவது. பேருந்துக்குள் இருப்பவர்களுக்கு அது கார் சாகுபடி. சாரல் நன்றாக விழுந்தால் அணை நிரம்பும், அணை திறந்தால் கால்வாயில் தண்ணீர் வரும், குளம் பெருகினால் ஆடியில் நடவு. குற்றாலத்துச் சாரலில் குளித்துத் திரும்புகிறவர்களில் எத்தனை பேர் இந்தத் தண்ணீர் கிழக்கே எங்கே போகிறது என்று யோசித்திருப்பார்கள்? திரிகூட மலையில் தொடங்கும் சிற்றாறு பாவூர், மாறாந்தை, வீராணம், மானூர் என்று அணைக்கட்டுக்கு அணைக்கட்டு பங்கு கொடுத்துக்கொண்டே போய்ச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. (சென்னைக்குத் தண்ணீர் தரும் வீராணம் வேறு. இது நம்மூர் வீராணம்.)

வீரகேரளம்புதூருக்கு நான் போனதற்கு அருவியோ கோயிலோ காரணமில்லை. 2018 ஆகஸ்டில் ஸ்வீடன் நாடாளுமன்றத்தின் முன்னால் கிரேட்டா துன்பர்க் என்ற பதினைந்து வயதுப் பெண் ஓர் அட்டையோடு தனியாக உட்கார்ந்தாள். அதற்கடுத்த ஆண்டு, 2019 செப்டம்பர் 20 அன்று, உலகெங்கும் நாற்பது லட்சம் பேருக்கு மேல் தெருவுக்கு வந்தார்கள். தில்லியிலும் மும்பையிலும் சென்னையிலும் மாணவர்கள் அட்டை பிடித்து நின்றார்கள். காலநிலைக்காக உலகம் கண்ட மிகப் பெரிய மக்கள் கூட்டங்களில் ஒன்று அது. அந்தப் படங்களையெல்லாம் பார்த்தபோது எனக்கு ஒரு குறை இருந்தது. மழையை நம்பி நாற்று விடுகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் எங்கே? வானிலை ஒரு வாரம் பிசகினால் குடும்பக் கணக்கே பிசகுகிற மக்கள் இதே ஆண்டுகளில் என்ன கேட்டுக்கொண்டிருந்தார்கள், யாரிடம் கேட்டார்கள்? அதைத் தெரிந்துகொள்ளச் சிற்றாற்றுக் கரையில் ஓர் ஊர் வேண்டும் என்று தோன்றியது. மலையும் அணையும் குளமும் காற்றாலையும் தாலுகா அலுவலகமும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கிற ஊர் வீரகேரளம்புதூர்.

சாம்பவர்வடகரை தாண்டியதும் வயல் விரிகிறது, காற்றாலைகள் தெரியத் தொடங்குகின்றன. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று இந்தச் சமவெளியில் இறங்கி வீசுகிறது. பாலக்காட்டுக் கணவாயும் ஆரல்வாய்மொழியும் செய்கிற வேலையை இங்கே செங்கோட்டை செய்கிறது. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். அதில் ஒரு பங்கு இந்தச் சுரண்டை, ஆலங்குளம், ஊத்துமலை வட்டாரத்துக் கரிசலிலும் செம்மண்ணிலும் சுழல்கிறது. குற்றாலத்தில் சாரலைக் கொண்டுவந்து கொட்டும் அதே காற்றுதான் இங்கே இறக்கையைச் சுற்றுகிறது. உலகம் எதைச் செய்யச் சொல்லித் தெருவுக்கு வந்ததோ, அதில் ஒரு பகுதியை இந்த ஊர்கள் பல ஆண்டுகளாகவே தங்கள் நிலத்தில் தாங்கி நிற்கின்றன. அதே காற்றாலைக்குப் பாதை போடும்போது ஓடை அடைபடுகிறது, வண்டிப்பாதை போகிறது, பனை விழுகிறது என்று தென்மாவட்ட விவசாயிகள் பல இடங்களில் முறையிட்டும் இருக்கிறார்கள். காற்றாலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மறுகால் தண்ணீர் வழிந்தோட இடம் விட்டு நடுங்கள் என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கோரிக்கையைக் காலநிலைக்கு எதிரானது என்று தள்ளினால், காலநிலையைப் பற்றி நமக்கு ஒன்றும் புரியவில்லை என்றே சொல்வேன்.

சுரண்டையில் இறங்கி வேறு பேருந்து மாறினேன். சந்தைக்கு வந்த சாக்குகளும் வெங்காய மூட்டைகளும் மினி லாரிகளும் சாலையை அடைத்திருந்தன. அங்கிருந்து வீரகேரளம்புதூர் பக்கம்தான். வட்டாரத்தில் எல்லாரும் வீ.கே.புதூர் என்றே சொல்கிறார்கள். பேருந்தின் பெயர்ப் பலகையிலும் அப்படித்தான்.

ஊத்துமலை ஜமீனின் தலைநகரமாக இருந்த ஊர் இது. இருதயாலய மருதப்பத் தேவர் ஆண்ட காலத்தில், காவடிச் சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் இந்த அரண்மனையின் ஆதரவில் இருந்தார். ஏடு தேடி அலைந்த உ.வே.சாமிநாதையரும் இங்கே வந்து தங்கியிருக்கிறார். நவநீதகிருஷ்ணன் கோயிலுக்கு முன்னால் நின்றபோது அந்தக் காலத்து நிர்வாகத்தை நினைத்துக்கொண்டேன். குளம் உடைந்தாலும் வரி தாளாவிட்டாலும் குடியானவருக்குப் போய் நிற்க ஒரே ஒரு வாசல்தான்: அரண்மனை வாசல். அங்கே நியாயம் கிடைத்ததா என்பது வேறு விஷயம். 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த வாசல் மூடி, தாலுகா ஆபீஸ் வாசல் திறந்தது. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானபோது ஆட்சியர் அலுவலகமும் பக்கத்தில் வந்துவிட்டது. மனுக் கொடுக்கத் திருநெல்வேலி வரை போக வேண்டிய தொல்லை தீர்ந்தது.

தேநீர்க் கடையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் விவசாயிகள். ஒருவர் குளத்துப் பாசனம், ஒருவர் கிணற்றுப் பாசனம், இன்னொருவர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஆடு மேய்க்கிறார். எதற்காக வந்திருக்கிறேன் என்று சொன்னதும் மூத்தவர் கேட்டார்: "பேப்பர்ல போடுவியளா, இல்ல சும்மா கேக்கியளா?" எழுதுவேன் என்றேன். "அப்ப எழுதுங்க" என்று தொடங்கினார்.

அவர் சொன்னதில் புள்ளிவிவரம் எதுவும் கிடையாது. முன்னெல்லாம் சாரல் என்றால் நாள் கணக்கில் நூலாக இறங்கும், இப்போது நாலு நாள் வெயில் கொளுத்திவிட்டு ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது என்றார். நூலாக இறங்கிய மழையை மலை குடித்து வைத்திருந்து மெதுவாக விட்டது. கொட்டுகிற மழையை மலையால் குடிக்க முடியவில்லை, அப்படியே உருட்டி விட்டுவிடுகிறது. "கார் போட்டா பிசானம் இல்ல, பிசானம் போட்டா அறுவடையில மழை. ரெண்டு போகமும் கண்ட வயல் இது, அண்ணாச்சி" என்றார் கிணற்றுப் பாசனக்காரர்.

அவர்கள் கண்ணால் கண்டதற்கு அறிவியல் பக்கத்திலிருந்தும் ஆதாரம் இருக்கிறது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது ஏந்தக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். அதனால் மழைக்கு இடையே வெறும் நாள்கள் நீளும், பெய்யும்போது பேய்மழையாகப் பெய்யும். அரபிக்கடல் சூடாகி வருவதால் மேற்குக் கரையின் மேல் தாழ்ந்த மேகங்களுக்குப் பதிலாக உயர்ந்தெழும் மேகங்கள் கூடிவருவதைக் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தாழ்ந்த மேகம் தூறும், உயர்ந்த மேகம் கொட்டும். குற்றாலத்துச் சாரல் என்று நாம் கொண்டாடுவது அந்தத் தாழ்ந்த மேகத்தின் கொடை. அது குறைந்தால் திரிகூட மலையில் மழை அளவு குறையாமலே சாரல் மட்டும் இல்லாமல் போகக்கூடும். எனக்கு இதை நினைக்கவே பதறுகிறது. மழைக்கணக்கில் எல்லாம் சரியாக இருக்கும், கால்வாயில் மட்டும் தண்ணீர் இருக்காது.

2024 மே 17 அன்று, சீசன் தொடங்கும் முன்பே, பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் இறங்கி ஒரு மாணவனை அடித்துக்கொண்டு போனது. மேலே மலையில் பெய்தது கீழே குளித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அதற்கு ஐந்து மாதம் முன்பு, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியைவிட அதிகம். சிற்றாறு போய்ச் சேரும் தாமிரபரணி அன்று ஸ்ரீவைகுண்டத்தையும் ஏரலையும் மூழ்கடித்தது. குளங்கள் உடைந்தன, ரயில் நடுவழியில் நின்றது, வயலில் மணல் ஏறியது.

குத்தகைக்கு விட்டவர் அதுவரை பேசவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "மடையை ஒருத்தன் அடைச்சான்னா அவன் வீட்டு முன்னால போய் நிக்கலாம். அணையத் தொறக்கலன்னா பி.டபிள்யூ.டி. ஆபீஸ் முன்னால உக்காரலாம். ரேஷன் கடையில அரிசி சரியில்லன்னா ரோட்ட மறிக்கலாம். மழ தப்பிப் போனதுக்கு எந்த வாசல்ல போய் உக்கார?"

அந்தக் கேள்விக்குத் தேநீர்க் கடையில் என்னிடம் பதில் இல்லை. ஆற்றங்கரை வரை அதை நினைத்துக்கொண்டே நடந்தேன்.

தமிழ்நாட்டில் சூழலுக்காக நடந்த பெரிய போராட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரு வாசல் இருந்திருக்கிறது. கூடங்குளத்தில் அணு உலையின் வாசல், நெடுவாசலில் 2017இல் எண்ணெய்க் கிணற்றுக் குழி. தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று, அங்கிருந்த ஆலையை மூடச் சொல்லி மக்கள் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி நடந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். ஆறு நாள் கழித்து ஆலையை மூடும் ஆணை வந்தது. அந்த ஆணைக்கு அந்த ஊர் கொடுத்த விலையை எந்தப் போராட்டத்தின் வெற்றிக் கணக்கிலும் சேர்க்க எனக்கு மனம் வராது.

அண்மையில் என்னை மிகவும் நிமிர வைத்தது மதுரை மாவட்டம் மேலூர். 2024 நவம்பரில், அரிட்டாபட்டியைச் சேர்த்து அந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 5,000 ஏக்கரில் டங்ஸ்டன் எடுக்க ஒரு நிறுவனத்துக்கு ஏலம் முடிந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்திருந்தது. குடைவரைக் கோயிலும் தமிழி கல்வெட்டும் சுனைகளும் இருக்கிற மலை. மேலூர் ஊர்கள் முதலில் செய்த காரியம் கிராம சபையில் தீர்மானம் போட்டது. அப்புறம் கடையடைப்பு, அப்புறம் சட்டமன்றத் தீர்மானம். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் தபால் நிலையம் வரை ஊர் ஊராகக் கிளம்பி நடந்தார்கள். பெண்கள் கைக்குழந்தையோடு நடந்தார்கள், கிழவர்கள் டிராக்டரில் வந்தார்கள். காவல் துறை பதிந்த வழக்கில் மட்டும் 11,608 பேர். பதினாறே நாளில், ஜனவரி 23 அன்று, ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது. பிறகு வழக்குகளையும் மாநில அரசு திரும்பப் பெற்றது.

யாரும் அதைக் காலநிலைப் போராட்டம் என்று எழுதவில்லை. எனக்கு அது வேறொன்றாகத் தெரியவில்லை. மலை இருந்தால் சுனை, சுனை இருந்தால் கண்மாய், கண்மாய் இருந்தால் வெப்பம் கூடும் காலத்தில் அந்த மக்கள் பிழைத்துக் கிடப்பார்கள். கார்பன் என்ற சொல்லை ஒரு தடவைகூடச் சொல்லாமல் அவர்கள் காப்பாற்றிக்கொண்டது அதைத்தான். அவர்கள் வென்றதற்குக் காரணம் கூட்டத்தின் பருமன் மட்டுமில்லை. கேட்டது ஒன்றே ஒன்று: இந்த ஏலத்தை ரத்து செய். அதைச் செய்யக்கூடியவர் யார் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

கூட்டம் கூடினாலே நியாயம் அந்தப் பக்கம் வந்துவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. 1987 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரியிலிருந்து ஒரு குழுவும் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரிலிருந்து இன்னொரு குழுவும் மேற்குத் தொடர்ச்சி மலையைக் காக்கச் சொல்லி நடக்கத் தொடங்கி, ஏறத்தாழ நூறு நாளுக்குப் பிறகு கோவாவில் சந்தித்தன. அந்த நடையின் தொடர்ச்சியாகவே 2011இல் வந்த மாதவ் காட்கில் குழுவின் அறிக்கையைப் பார்க்கிறேன். அதற்குப் பின் வந்த, மலையின் ஒரு பகுதியைப் பாதுகாக்கச் சொன்ன கஸ்தூரிரங்கன் குழுவின் பரிந்துரையை 2013 நவம்பரில் அரசு ஏற்றபோது, இதே மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் அதை எதிர்த்துக் கூடினார்கள். முழு அடைப்பு நடந்தது, வன அலுவலகம் எரிந்தது. தங்கள் நிலம் போய்விடும் என்று அந்த மக்களுக்கு உண்மையான பயம் இருந்தது; அந்தப் பயத்தை ஊதிவிட்டுக் குளிர் காய்ந்தவர்களும் இருந்தார்கள். 2024 ஜூலை 30 விடியற்காலையில் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. மறுநாள், பாதுகாக்க வேண்டிய மலைப்பகுதி பற்றிய வரைவு ஆறாவது தடவையாக வந்தது. மொத்தம் 56,825 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் 6,914. வரைவு என்ற நிலையிலேயே பத்தாண்டு ஓடியிருந்தது.

ஆற்றங்கரைக்கு வந்திருந்தேன். அனுமன் நதி சிற்றாற்றில் சேர்கிற இடத்தில் தண்ணீர் முழங்கால் அளவு ஓடியது. ஒரு பக்கம் கொஞ்சம் கலங்கல், ஒரு பக்கம் தெளிவு. மேலே மழை எந்தப் பக்கம் பெய்திருக்கிறது என்பதை இந்த நிறத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள் என்று துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா சொன்னார். குற்றால மலையில் பெய்ததா மேக்கரையில் பெய்ததா என்று அவரால் சொல்ல முடிகிறது. அந்த அறிவு எந்த அலுவலகக் கோப்பிலும் ஏறுவதில்லை.

கரையில் உட்கார்ந்து வாசல்களை எண்ணிப் பார்த்தேன். இருக்கின்றன. தெரியாமல் இருக்கின்றன.

2024 மார்ச் 21 அன்று, கானமயில் பற்றிய வழக்கொன்றில், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டிருப்பதும் குடிமக்களின் உரிமை என்று இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசியல் சட்டத்தின் 14, 21 ஆகிய உறுப்புகளில் அது அடங்கும் என்பது தீர்ப்பு. அடுத்த மாதமே, ஏப்ரல் 9 அன்று, சுவிட்சர்லாந்தின் மூதாட்டிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து தொடுத்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. வெயில் முதியவர்களைக் கொல்கிறது, அரசு போதுமானதைச் செய்யவில்லை என்பது அவர்கள் வாதம். ஆக, நீதிமன்றம் ஒரு வாசல்.

தூத்துக்குடி இன்னொன்று. இந்த ஆறு கடைசியில் கலக்கும் கடலோரத்தில் 1979 முதல் ஓடுகிறது அனல்மின் நிலையம். ஐந்து அலகு, 1,050 மெகாவாட். பக்கத்தில் உடன்குடியில் தலா 660 மெகாவாட்டில் இரண்டு அலகு. இங்கே காற்றாலை, அங்கே நிலக்கரி, நடுவில் இந்த வயல். எந்த அலகை எப்போது நிறுத்துவீர்கள் என்று தேதி கேட்க வேண்டிய இடம் அதுதான். அதே சமயம் ஒன்றைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. இந்தியர் ஒருவரின் பங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு, அமெரிக்கர் ஒருவருடையது அதைப்போல ஏழு மடங்கு. வீரகேரளம்புதூர் விவசாயியின் பங்கு அந்த 2 டன்னிலும் சிறு துணுக்கு. அவருக்கு வர வேண்டிய ஈடு பெரும்பாலும் கடலுக்கு அப்பாலிருந்து வர வேண்டியது. அதைக் கேட்கத்தான் 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் உலகக் காலநிலை மாநாடு நடந்தபோது லட்சம் பேர் மழையில் நடந்தார்கள். அதே மாநாட்டில் திருவண்ணாமலையிலிருந்து போன வினிஷா உமாசங்கர் என்ற பள்ளி மாணவி உலகத் தலைவர்கள் முன் நின்று, வெற்று வாக்குறுதிகளில் தங்கள் தலைமுறை பொறுமை இழந்துவிட்டது என்று முகத்துக்கு நேரே பேசினார்.

எல்லாவற்றிலும் பக்கத்தில் இருக்கிற வாசல் தென்காசியில். தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் 2022 டிசம்பரில் தொடங்கியது. அதன்படி மாவட்டத்துக்கு மாவட்டம் ஓர் இயக்கம் உண்டு. ஆட்சியர் அதன் இயக்குநர், மாவட்ட வன அலுவலர் அதன் காலநிலை அலுவலர். தேநீர்க் கடைக்குத் திரும்பி வந்து இதைச் சொன்னேன். மூத்தவர் நம்பவில்லை. "கலெக்டருக்கு அப்பிடி ஒரு வேலை இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். "அப்ப வெள்ளிக்கிழம கேக்கலாம்ல?"

மாதம் ஒரு முறை விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமையில்தான் நடக்கும். கிரேட்டா பள்ளிக்குப் போகாமல் வாராவாரம் உட்கார்ந்ததும் வெள்ளிக்கிழமைகளில்தான். உலகம் முழுக்கப் பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியே வந்ததும் அதே கிழமையில். நம் விவசாயிகள் கையில் மனுவும் மஞ்சள் பையுமாக அதே வெள்ளிக்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், பல காலமாக. அவர்கள் மனுக்களை ஒன்றுசேர்த்துப் படித்தால் அது ஒரு காலநிலை அறிக்கை. ராமநதி–ஜம்புநதி மேல்மட்டக் கால்வாயை முடித்துக் கொடுங்கள் என்பது ஒன்று. ஊத்துமலைப் பக்கத்து வறண்ட குளங்களுக்கு இரட்டைக்குளம் கால்வாயில் தண்ணீர் கொண்டுபோங்கள் என்பது ஒன்று. சிவகிரிப் பக்கம் உடைந்து கிடக்கும் செண்பகவல்லி அணையைக் கேரளத்தோடு பேசிச் சரிசெய்யுங்கள் என்பது தலைமுறைக் கோரிக்கை. மலையடிவாரத்துக் கல்லைப் பெயர்த்துப் புளியரை வழியாக லாரி லாரியாக அனுப்பாதீர்கள் என்று சாலையில் இறங்கியும் மறித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் தனித்தனி மேசைக்குப் போகிறது. கால்வாய் நீர்வளத்துறைக்கு, கல் கனிமவளத்துறைக்கு, யானை வனத்துறைக்கு, பயிர்க் காப்பீடு வேளாண்மைத் துறைக்கு. மழை மாறியதால் இவை அனைத்தும் ஒரே சிக்கலாகிவிட்டன என்பது எந்த மேசையிலும் பதிவாவதில்லை. தெருவில் நின்று "காலநிலையைக் காப்பாற்று" என்று கத்துகிற நகரத்துப் பிள்ளைகளுக்குக் கையில் பிடிக்க ஒரு கால்வாயின் பெயர் இல்லை. கால்வாயின் பெயர் தெரிந்த விவசாயிக்கு அந்தப் பிள்ளைகளின் குரல் இல்லை. இரண்டு பேரும் ஒரே வெள்ளிக்கிழமையில் ஒரே வாசலுக்கு வர வேண்டும் என்பதுதான் இந்தப் பயணத்தில் எனக்குப் பட்டது. சென்னைக் கடற்கரையில் நிற்கிற மாணவர்கள் ஒரு முறை இந்தப் பேருந்தில் ஏறட்டும்.

தேநீர்க் கடையில் அப்புறம் பேச்சு நீண்டது. இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் என்ன தீர்மானம் போடுவது என்று ஒருவர் கேட்க, வழக்கமான தெருவிளக்கும் சாலையும் தவிர வேறு என்ன என்று விவாதம் வந்தது. ஆண்டுக்கு ஆறு தடவை கூட வேண்டிய கிராம சபையில் குளத்தைப் பற்றிப் பேசியதே குறைவு என்று ஒப்புக்கொண்டார்கள். முதலில் ஊருக்கு ஒரு மழைமானி வேண்டும் என்றார் கிணற்றுப் பாசனக்காரர். எங்கேயோ தாலுகா ஆபீஸில் பெய்த மழையை வைத்து எங்கள் வயலுக்குக் காப்பீடு கணக்குப் போடுகிறார்கள், பக்கத்து ஊரில் பெய்தது எங்கள் ஊரில் பெய்யாது என்பது அவர் வாதம். மலையில் மழை பிடித்தால் ஆற்றோர ஊர்களுக்கு உடனே சொல்ல ஓர் ஏற்பாடு வேண்டும் என்றார் இன்னொருவர். அருவியில் குளிப்பவர்களுக்கு மட்டும் சங்கு ஊதினால் போதாது, அந்தத் தண்ணீர் வந்து சேரும் எங்களுக்கும் ஊதட்டும் என்றார். புரட்டாசிக்குள் மடைகளுக்குப் பலகை போடச் சொல்ல வேண்டும், வரத்துக்கால்களில் கிடக்கும் கருவேலை அகற்றச் சொல்ல வேண்டும். காற்றாலை நிறுவனங்கள் அடைத்த ஓடைகளைக் கிராம வரைபடத்தை வைத்துச் சர்வே நம்பர் சர்வே நம்பராக எழுத வேண்டும் என்று மூத்தவர் சொன்னார். சும்மா ஓடை அடைபட்டது என்று எழுதினால் கோப்பு நகராது என்பது அவர் அனுபவம்.

இதையெல்லாம் ஆட்சியருக்கு மனுவாக எழுதினால் மேலே தலைப்பு என்ன போடுவது என்று எழுதத் தெரிந்த இளைஞர் ஒருவர் கேட்டார். அவர் சுரண்டையில் கல்லூரி படிப்பவர். பொருள்: மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கம் தொடர்பாக, பெறுநர்: இயக்குநர் மற்றும் மாவட்ட ஆட்சியர் என்று எழுதினார். நகல் வன அலுவலருக்கும் என்றேன். கையெழுத்து எத்தனை வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, சிற்றாற்றுக் கரையில் எத்தனை ஊர் இருக்கிறதோ அத்தனை ஊரிலும் வாங்கிவிட்டுப் போவோம், முதலில் வீராணத்துக்குப் போவோம், அங்கே என் சம்பந்தி இருக்கிறார் என்றார் மூத்தவர்.